பள்ளி மூடினால் படிப்பும் மூடுமா?



“நாளையிலிருந்து பள்ளிக்கூடம் இல்லை” என்ற செய்தி வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், நமக்குத் திண்டாட்டம். விடியுமுன் பெரட்டுக்குப் போயாகவேண்டும். பிள்ளையை யாரிடம் விடுவது, மத்தியானச் சோற்றுக்கு என்ன வழி என்ற கவலைகளுக்கெல்லாம் பிறகுதான் படிப்பின் நினைவு வருகிறது. இதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால், நம் நாட்டில் பள்ளிகள் மூடப்படுவது எப்போதோ ஒருமுறை நடக்கும் சங்கதியாக இப்போது இல்லை. 2014 டிசம்பர் வெள்ளத்தால் 2015ஆம் ஆண்டின் பள்ளித் திறப்பே ஒரு வாரம் தள்ளிப்போனது. அதே 2015லும், பிறகு 2019லும் புகைமூட்டம் வந்து பல வட்டாரங்களில் பள்ளிகளைப் பூட்ட வைத்தது. கை, கால், வாய்ப்புண் நோய் பரவினால் பாலர் பள்ளிகளைச் சில நாள் மூடச் சொல்லிவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும் மிஞ்சியது 2020. அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஜனவரியில் புதுச் சட்டை போட்டு முதலாம் ஆண்டில் கால் வைத்த பிள்ளை, இரண்டரை மாதந்தான் வகுப்பில் உட்கார்ந்திருந்தது. ஜூலைக் கடைசியில் திரும்பிப் போனது. நவம்பரில் மறுபடியும் வீட்டுக்கு வந்துவிட்டது. 2021 மார்ச் மாதம் பாலர் பள்ளி, முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை முதலில் அழைத்தார்கள். சில மாதங்களுக்குள் மீண்டும் பூட்டு. அக்டோபரில்தான் கட்டங்கட்டமாகக் கதவு திறந்தது.

எண்ணிப் பாருங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ளும் இரண்டு ஆண்டுகளும் துண்டு துண்டாகப் போய்விட்டன. பெரிய வகுப்புப் பிள்ளை, விட்டுப்போன பாடத்தைப் பிறகு புரட்டிப் படித்துக்கொள்ளலாம். படிக்கவே கற்காத பிள்ளை எதைப் புரட்டும்? மூன்றாம் ஆண்டுக்குப் போனால், வாசிக்கத் தெரிந்த பிள்ளை என்று எண்ணித்தான் புத்தகத்தைக் கையில் கொடுக்கிறார்கள். கணக்குப் பாடத்தில்கூடக் கேள்வியை முதலில் வாசிக்க வேண்டுமே! அங்கே தடுமாறும் பிள்ளையைச் சுற்றியிருப்பவர்கள் ‘மக்கு’ என்கிறார்கள். நாளடைவில் பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பலரின் படிப்பு பாதியில் நின்றதற்கு வறுமை ஒரு காரணம் என்றால், இப்படி முதல் படியிலேயே சறுக்கிவிடுவது இன்னொரு காரணம்.

அந்த நாள்களில் பாடம் கைத்தொலைபேசியில் வந்தது. 2021 பிப்ரவரியில் கல்வித் தொலைக்காட்சியும் தொடங்கப்பட்டது. நல்ல காரியங்கள்தாம். ஆனால், 2020இல் கல்வி அமைச்சு பெற்றோரிடம் எடுத்த கணக்கில், மாணவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்த மின்கருவியும் இல்லை என்று தெரியவந்தது. வீட்டுக்கு ஒரு தொலைபேசி, அதுவும் அப்பாவின் சட்டைப் பையில் வேலைக்காட்டுக்குப் போய்விடும். மாலையில் வந்ததும் மூன்று பிள்ளைகள் அதற்குச் சண்டை. அதில் கடைக்குட்டிக்கு எப்போது முறை வரும்?

ஐந்து, ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு வேண்டியது கருவியல்ல. அதற்கு வேண்டியது பேச்சும், எண்ணிப் பார்க்கச் சில பொருள்களும், தினமும் பக்கத்தில் உட்காரும் ஓர் ஆளும். இவை மூன்றும் லயத்து வீட்டிலும் உண்டு, பட்டணத்து அடுக்குமாடியிலும் உண்டு.

“எனக்கே எழுத்து வராதே!”

இப்படிச் சொல்லும் தாய்மார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பாட்டிமார்களைக் கேட்கவே வேண்டாம். அவர்களுக்கு ஒரு செய்தி. பிள்ளை ஒரு சொல்லை எழுத்துக்கூட்டி வாசிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் முன்பே காதில் விழுந்திருந்தால், “ஓ, இதுவா!” என்று முகம் மலரும். கேட்டறியாத சொல்லானால் அது வெறும் சத்தம். ஆகவே, பிள்ளைக்கு எத்தனை சொற்கள் தெரியும் என்பதுதான் வாசிப்புக்கு அஸ்திவாரம். அதைப் போட எழுத்து வேண்டாம், வாய் போதும்.

ஆனால், நாம் பிள்ளைகளிடம் என்ன பேசுகிறோம்? ஒரு நாள் உங்கள் பேச்சை நீங்களே கவனியுங்கள். “வா, போ, தின்னு, சும்மா இரு, அதைத் தொடாதே.” அத்தனையும் ஏவல்! இதில் பிள்ளை கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

துணி காயப் போடும்போது, “இந்தச் சட்டை மட்டும் ஏன்டா இன்னும் காயல?” என்று கேளுங்கள். “மழை” என்று ஒரே சொல்லில் பதில் வரும். அதோடு விடாதீர்கள். “ஆமா, ராத்திரி பெஞ்ச மழையில காத்தே ஈரமா இருக்கு. அதோட இது தடிப்புத் துணி, தண்ணிய நல்லா குடிச்சிருக்கு” என்று நீட்டிச் சொல்லுங்கள். ஒரு சொல்லுக்குப் பத்துச் சொல் திரும்பக் கிடைத்தது. நாளைக்கு அதே பிள்ளை, “பாட்டி, உன் சேலையும் தண்ணிய குடிச்சிருக்கா?” என்று கேட்கும்.

தந்தையரே, நீங்களும் வாருங்கள். பால்மரத்தை ஏன் விடியுமுன் வெட்டுகிறார்கள்? குளிர்ந்த வேளையில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். செம்பனைக் குலை பழுத்தது என்று எப்படித் தெரியும்? மரத்தடியில் உதிரிப் பழம் விழுந்து கிடக்கும். சின்ன மரத்துக்கு உளி, உயர்ந்த மரத்துக்கு நீண்ட கழியில் கட்டிய அரிவாள், ஏன் இரண்டு? இவையெல்லாம் உங்களுக்கு அன்றாட வேலை. பிள்ளைக்கோ நல்ல அறிவியல் பாடம். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டுத் தேநீர் குடிக்கும் நேரத்தில், தினம் ஒன்று சொல்லலாமே!

எந்த மொழியில் பேசுவது என்று சிலர் தயங்குகிறார்கள். ஆங்கிலம் பேசினால்தான் பிள்ளை கெட்டிக்காரனாவான் என்று எண்ணி, தெரிந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள். நாலு சொல்லில் எவ்வளவு பேசிவிட முடியும்? உங்கள் வாயில் தாராளமாக வரும் தமிழிலேயே பேசுங்கள். ஒரு மொழியில் நன்றாகப் பேசவும் யோசிக்கவும் பழகிய பிள்ளைக்கு, மலாயும் ஆங்கிலமும் பள்ளியில் எளிதாகவே வரும்.

இரவில் பாட்டி கதை சொல்லட்டும். தெனாலிராமன் கதையோ, அவர் சின்ன வயதில் தோட்டத்தில் யானை வந்த கதையோ, எதுவானாலும் சரி. பாதியில் நிறுத்தி, “அப்புறம் என்ன ஆயிருக்கும், சொல்லு?” என்று கேட்கவேண்டும். மறுநாள் அதே கதையைப் பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். முன்பின்னாகச் சொன்னால் திருத்தவேண்டாம், “அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?” என்று கேட்டால் தானாகவே சரியாகிவிடும்.

மூன்று எழுத்தில் நான்கு சொல்

எழுத்துத் தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால் எங்கிருந்து தொடங்குவது? தமிழுக்கு 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள். ‘அ’ எழுதுவது பெரியவர்களுக்கே சுழித்து வளைக்கும் வேலை. ‘ட’ எவ்வளவு சுலபம்! மேலிருந்து ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு. அதற்கு இன்னொரு கையை உயர்த்தினால் ‘ப’. அதையே கொஞ்சம் வளைத்தால் ‘ம’. இந்த மூன்றோடு புள்ளி வைக்கத் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொல் கையில். ‘எனக்குப் படிக்க வருது!’ என்று பிள்ளை துள்ளும் அந்தத் துள்ளல்தான் நமக்கு வேண்டும். பிறகு ய, க, ல என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

பென்சில் பிடிக்கக் கை வராத பிள்ளையைத் தாளில் எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதச் சொல்லுங்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம் முன்னோர் மணலில் விரலை வைத்துத்தானே தொடங்கினார்கள்! சப்பாத்தி மாவு பிசைவது, பூக்கட்டுவது, பருப்பில் கல் பொறுக்குவது எல்லாமே விரலுக்குப் பயிற்சிதான்.

சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டியை மறந்துவிடாதீர்கள். தினமும் தாள் கிழிக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். கிழமையையும் தேதியையும் சொல்லிவிட்டுத்தான் கிழிக்கவேண்டும். கிழித்த தாளின் பின்பக்கம் எழுதிப் பழக உதவும்.

“நூறு வரைக்கும் சொல்லுவான்!”

சில பெற்றோர் பெருமையாகச் சொல்வது இது. சரி, அதே பிள்ளையிடம், “ஏழு கரண்டி எடுத்து வா” என்று சொல்லிப் பாருங்கள். ஐந்தோ எட்டோ வரும். எண்களைப் பாட்டுப்போல் ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. பொருளைத் தொட்டு எண்ணினால்தான் கணக்கு மனத்தில் ஏறும். சாப்பாட்டு வேளையில் எத்தனை பேர், எத்தனை தட்டு, இன்னும் எத்தனை வேண்டும்? கழித்தல் கணக்கு அங்கேயே முடிந்தது. விரல்விட்டு எண்ணினால் அதட்டாதீர்கள். இந்த வயதுக்கு அது குறையே இல்லை.

சில்லறைக் காசு அருமையான பாடப்புத்தகம். ஐந்து காசு, பத்துக் காசு, இருபது காசு, ஐம்பது காசு நாணயங்களைப் பாயில் கொட்டி, “ஒரு வெள்ளி சேர்த்துக் கொடு” என்று சொல்லுங்கள். இரண்டு ஐம்பது, ஐந்து இருபது, பத்துப் பத்துக் காசு என்று எத்தனை வழி! எல்லா வழியையும் பிள்ளை ஒரே நாளில் கண்டுபிடிக்காது. விட்டுவிடுங்கள், அடுத்த நாள் இன்னொன்று கண்டுபிடிக்கும்.

பல்லாங்குழி மறந்தே போய்விட்டது. 14 குழியிலும் குழிக்கு ஐந்து போட்டால் 70 முத்து. மலாய்க்காரர்களின் சொங்காக்கில் பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஏழு கொட்டை, ஆக 98. பலகை வாங்கவேண்டியதில்லை, முட்டை அட்டை போதும். ஓர் எச்சரிக்கை: சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் ரப்பர்க் கொட்டையை வைத்து விளையாட விடாதீர்கள். பச்சையாகத் தின்றால் அது நஞ்சு. வேறு கொட்டையானாலும் தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு.

எவ்வளவு நேரம், யார்?

பள்ளிக்கூடம்போல் காலை முழுக்க உட்காரவைக்க நினைத்தால் இரண்டே நாளில் அலுத்துவிடும். ஐந்து வயதுக்குப் பத்து நிமிடம், ஏழு வயதுக்கு இருபது நிமிடம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் போதும். தினமும் அதே நேரம், அதே பாய் என்று இருக்கவேண்டும். மற்ற நேரமெல்லாம் பேச்சும் விளையாட்டும். புகைமூட்ட நாளில் வெளியே விடமுடியாது. பல்லாங்குழிக்கும் கதைக்கும் அதுவே நேரம். வெள்ளத்துக்குத் தப்பி நிவாரண மையத்தில் தங்கியிருந்தால் எழுத்தும் கணக்கும் காத்திருக்கட்டும். பயந்துபோன பிள்ளை, பார்த்ததைச் சொல்லவும் வரையவும் இடங்கொடுத்தால் போதும்.

இன்னொன்றும் சொல்லியாகவேண்டும். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், பத்து வயது அக்காள்தான் சமையற்காரி, ஆயா, டீச்சர் எல்லாமே. தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடுப்பது அவளுக்கும் நல்லதுதான். ஆனால், அவளும் ஒரு மாணவி. அவளுக்கும் பாடம் விட்டுப்போகிறது. பெண்பிள்ளை என்பதால் முழுப்பாரத்தையும் அவள் தலையில் வைப்பது நியாயமல்ல. அண்ணன் பையன் பட்டம் விட்டுக்கொண்டிருந்தால் அவனையும் கூப்பிடுங்கள். ஒரே லயத்தில் நான்கு வீட்டார் பேசிக்கொண்டு முறைவைத்துக்கொள்வது அதைவிட நல்லது. வேலையிலிருந்து ஓய்ந்த ஒரு தாத்தா, அஞ்சடியில் ஐந்து பிள்ளைகளை உட்காரவைத்துப் பத்திரிகையை உரக்கப் படித்துக்காட்டினால் போதாதா? முற்காலத்தில் பல தோட்டங்களில் கங்காணியும் கிராணியுந்தானே வாத்தியாராக இருந்து எழுத்தறிவித்தார்கள்!

தயவுசெய்து பிரம்பை எடுக்காதீர்கள். களைத்து வந்த கோபத்தில், “இதுகூடத் தெரியலையா?” என்று தலையில் ஒரு குட்டு வைத்தால், மறுநாள் புத்தகத்தைக் கண்டதும் பிள்ளை கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். அன்று மிகவும் களைப்பாயிருந்தால் பாடத்தை விட்டுவிட்டுக் கதை சொல்லித் தூங்கவையுங்கள்.

பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே, ஒரு நாள் அரைநாள் விடுப்புக் கேட்டாவது வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். வேலை உடுப்போடு போக வெட்கப்படவேண்டாம். வீட்டில் எழுதிய நாள்காட்டித் தாள்களை ஒரு கட்டாகக் கட்டி எடுத்துச் செல்லுங்கள். “இதுவரைக்கும் வருது டீச்சர், இதுக்கு மேல தடுமாறுறான்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். எழுத்திலும் எண்ணிலும் பின்தங்கிய சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கென்று பல பள்ளிகளில் குறைநீக்கல் வகுப்பு நடக்கிறது. அங்கே அனுப்புவது மானக்கேடு என்று சிலர் மறுத்துவிடுகிறார்கள். நீங்கள் மறுக்காதீர்கள், உங்கள் பிள்ளைக்கு இடமுண்டா என்று நீங்களாகவே கேளுங்கள். அந்த வகுப்பு சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான். இரண்டாம் ஆண்டில் கேட்காமல் ஐந்தாம் ஆண்டில் போய்க் கேட்டால் இடம் கிடைக்காது.