அவமதிப்புக்கு அன்பால் பதிலளித்தல்

1. அறிமுகம்
பட்டப்பெயர் கூறுதல், வறுமையைச் சொல்லிக் கேலி செய்தல், பொய்ப்பழி சுமத்துதல் என்பன ஒருவரின் கௌரவத்தைப் புண்படுத்துகின்றன. பதிலுக்குப் பதில் கொடுக்க மனம் தூண்டும். கிறிஸ்தவ வாழ்வு வேறொரு வழியைக் காட்டுகிறது.

2. மலைப்பிரசங்கப் போதனை (மத்தேயு 5:38-48)
செய்த தீங்கின் அளவுக்கு மேல் தண்டிக்கலாகாது எனப் பழைய சட்டம் வரையறுத்தது. இயேசுவோ பழிவாங்கும் எண்ணத்தையே விடும்படி கற்பித்தார். அவர் வலது கன்னத்தைக் குறிப்பிட்டது கவனிக்கத்தக்கது. எதிரே நிற்பவர் வலக்கையால் அறைந்தால் அடி இடது கன்னத்திலேயே படும். வலது கன்னத்தில் படுவது புறங்கை அறையாகும். இது இழிவுபடுத்தும் செயல். யூத சட்டத்தொகுப்பான மிஷ்னா இதற்குச் சாதாரண அறையைவிட இருமடங்கு அபராதம் விதிக்கிறது.

3. வேதாகம உதாரணங்கள்
(அ) தாவீது: அப்சலோமின் கலகத்தின்போது தப்பியோடிய தாவீதைச் சீமேயி கல்லெறிந்து தூஷித்தான். அவனைக் கொல்ல அபிசாய் அனுமதி கேட்டபோது தாவீது மறுத்தார் (2 சாமுவேல் 16:5-13). திரும்பி வந்தபோதும் அவனைக் கொல்வதில்லை என ஆணையிட்டார். ஆயினும் மரிக்குமுன் அவனைத் தண்டிக்கும்படி சாலொமோனிடம் கூறினார் (1 இராஜாக்கள் 2:8-9). கையை அடக்குவதைவிட உள்ளத்தால் மன்னிப்பது கடினம் என்பதை இது உணர்த்துகிறது.
(ஆ) இயேசு: தம்மைச் சிலுவையில் அறைந்தோருக்காகப் பிதாவிடம் மன்னிப்பு வேண்டினார் (லூக்கா 23:34).
(இ) ஸ்தேவான்: கல்லெறிந்தோருக்காக ஜெபித்து மரித்தார் (அப்போஸ்தலர் 7:60).

4. மன்னிப்பது அநீதியை ஏற்பதா?
இல்லை. விசாரணையின்போது சேவகன் ஒருவன் அறைந்தபோது, தாம் பேசியதில் தவறு என்ன என இயேசு கேட்டார் (யோவான் 18:22-23). அவர் திருப்பி அடிக்கவில்லை. அநீதியைச் சரியென ஏற்கவுமில்லை. எனவே, தொடர்ந்து துன்புறுத்தப்படும் மாணவர் அதனை ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ கூறுவது பழிவாங்கல் அல்ல.

5. நடைமுறையில் பின்பற்றத்தக்கவை
• கோபத்தில் உடனே பதில் கூறாதிருத்தல்.
• தவறு செய்தவரிடம் தனிமையில் பேசுதல் (மத்தேயு 18:15).
• அவருக்காக ஜெபித்தல்.
• தேவையில் உதவுதல் (ரோமர் 12:20). உதாரணமாக, கேலி செய்தவர் பாடசாலைக்கு வராத நாளின் குறிப்புகளை எழுத உங்கள் கொப்பியைக் கொடுக்கலாம்.

பயிற்சி வினாக்கள்
1. வலது கன்னத்தில் அறைதல் அவமதிப்பாகக் கருதப்பட்டது ஏன்?
2. சீமேயியைத் தாவீது நடத்திய விதத்தையும் இயேசுவின் மன்னிப்பையும் ஒப்பிடுக.
3. மன்னிப்பது அநீதிக்கு உடன்படுவதாகாது. யோவான் 18:22-23ஐக் கொண்டு விளக்குக.