எந்திரத்தின் மூச்சும் உணவும்



‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் வாக்கு. சிக்கனத்தைக் கற்பிக்க எழுந்த இப்பழமொழி ஒரு மோட்டார் சைக்கிளின் இஞ்சினுக்கும் பொருந்தும் என்று நான் அண்மைக்காலம் வரை எண்ணிப் பார்த்ததில்லை. பல்லாண்டுகள் பௌதிகம் கற்பித்து, தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, காங்கேயத்தில் வாழ்ந்து வருபவன் நான். இதனை எண்ணிப் பார்க்கும்படி செய்தவர் என் பழைய மாணவர் ஒருவர்.

அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளராகப் பணிபுரிகிறார். சிறுகச் சிறுகச் சேமித்து, நெடும்பயணத்திற்கென்றே ஒரு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வண்டியை வாங்கியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, “ஐயா, வண்டி மலையேறுறப்ப மூச்சு வாங்குதுங்க. டியூனர்னு ஒண்ணு மாட்டுனா சரியாப் போயிரும்னு சொல்றாங்க. ஆனா பல தினுசா விக்கறாங்க. எதை வாங்கறதுன்னு நீங்கதான் சொல்லோணும்” என்றார். அக்கருவிக்கென அவர் ஒதுக்கி வைத்திருந்த தொகை ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். தவறான ஒன்றை வாங்கினால் அப்பணம் போவதோடு இஞ்சினும் கெடக்கூடும். ஆகவே அன்று அவருடன் நெடுநேரம் பேசினேன். அப்பேச்சின் சாரத்தையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குப் போதித்த முதல் விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்பதாகும். எனவே அடுப்பங்கரையிலிருந்து தொடங்குவோம். காஸ் அடுப்பின் சுடர் நீலமாக எரிந்தால் காற்றும் வாயுவும் சரியாகக் கலந்திருக்கின்றன என்று பொருள். காற்று போதாவிடில் சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி படியும். இஞ்சினுக்குள் நடப்பதும் இதுவே. ஒரு கிராம் பெட்ரோல் முற்றிலும் எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் காற்று தேவைப்படும். இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் இரண்டேகால் மீட்டர் உயரமும் கொண்ட ஓர் அறையை நிரப்பும் காற்று அது. இஞ்சினுக்குப் பெட்ரோல் உணவு என்றால், காற்றே அதன் மூச்சு.

பெட்ரோல் இந்த அளவிற்கு மிகுந்தால் கலவை ‘செழித்தது’ என்றும், குறைந்தால் ‘மெலிந்தது’ என்றும் கூறுவோம். மிகுந்த ஆற்றல் வேண்டுமாயின், ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பன்னிரண்டரை முதல் பதின்மூன்று பங்கு காற்று என்ற சற்றே செழித்த கலவை ஏற்றது. முழுச் சுமையில் கலவை மெலிந்தாலோ வெப்பம் மிகும். ‘டக டக’ என்ற தட்டல் எழும். அது நீடித்தால் பிஸ்டன் பழுதுபடும்.

பழங்காலத்து வண்டிகளில் கார்புரேட்டர் இக்கலவையைச் செய்தது. 1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் இங்கிலாந்தின் என்ஃபீல்டு நிறுவனத்துடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவினர். திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் புல்லட் வண்டிகள் உருவாயின. அவ்வண்டிகளில் ஜெட் என்னும் சிறு துளையுடைய பித்தளைத் துண்டை மாற்றியும், ஒரு திருகைத் திருப்பியும் மெக்கானிக் கலவையைச் சரிசெய்துவிடுவார். 2016-இல் ஹிமாலயன் வெளிவந்தபோதும் அதில் கார்புரேட்டரே இருந்தது. மறு ஆண்டில் அதற்குப் பதிலாக எரிபொருளைப் பீச்சும் இஞ்செக்டர் வந்தது. அத்துடன் திருகாணியின் காலம் முடிந்தது, இ.சி.யூ. என்னும் சிறு கணிப்பொறியின் காலம் பிறந்தது.

இந்தக் கணிப்பொறி செய்யும் வேலை வியக்கத்தக்கது. திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, உட்புகும் காற்றின் அழுத்தமும் வெப்பமும் எவ்வளவு, இஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பவற்றைச் சென்சார்கள் வாயிலாக அறிந்து, தன்னிடமுள்ள அட்டவணையைப் பார்த்து, இஞ்செக்டரைச் சில மில்லி விநாடிகள் மட்டும் திறந்து மூடுகிறது. இவ்வட்டவணையைத்தான் ‘மேப்’ என்கின்றனர். சீரான வேகத்தில் செல்லும்போது, புகைக்குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்சார் எரிந்த வாயுவை முகர்ந்து, கலவை செழித்ததா மெலிந்ததா என்று சொல்ல, கணிப்பொறி தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. ஆனால் திராட்டிலை முழுதும் முறுக்கும்போது பெரும்பாலான வண்டிகளில் இத்திருத்தம் நின்று, அட்டவணை ஒன்றே வழிகாட்டுகிறது. இவ்விரு நிலைகளையும் நன்கு மனத்தில் கொள்ளுங்கள். டியூனரைத் தேர்வதற்கு இதுவே திறவுகோல்.

இனி, டியூனர் எப்போது தேவைப்படும்? காற்று எளிதாகப் புகும் வேறு வடிகட்டியையோ, தடையற்ற சைலென்சரையோ பொருத்தினால், அட்டவணை எதிர்பார்த்ததைவிட மிகுதியான காற்று உட்புகக்கூடும். முழு வேகத்தில் கலவை மெலியும். அப்போது அட்டவணையைத் திருத்துவது அவசியமாகிறது. குறைந்த வேகத்தில் வண்டி வெட்டி வெட்டி இழுப்பதைத் தணிக்கவும் சிலர் நாடுவர். எதையும் மாற்றாத, நலமாயுள்ள வண்டியில் டியூனர் மட்டும் பொருத்துவதால் கிடைக்கும் ஆற்றல் சிறிதே.

கடைகளில் விற்பவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, சென்சாரை ஏமாற்றும் மலிவான கருவி. காற்று உண்மையில் இருப்பதைவிடக் குளிர்ச்சியானது என்று பொய்ச் செய்தி அனுப்பி, கூடுதல் பெட்ரோல் பீச்சச் செய்வது இது. சீரான வேகத்தில் ஆக்ஸிஜன் சென்சார் அப்பொய்யைக் கண்டு திருத்திவிடும். முழு வேகத்திலோ கண்ணை மூடிக்கொண்டு பெட்ரோலைக் கொட்டும். தேவையை அளக்காமல் கொட்டுவதால் இதனை நான் பரிந்துரைப்பதில்லை.

இரண்டாம் வகை, கணிப்பொறிக்கும் இஞ்செக்டருக்கும் இடையில் அமர்ந்து, இஞ்செக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல பெட்டி. ‘பிக்கிபேக்’ என்பது இதன் வழக்குப் பெயர். அமெரிக்காவின் டைனோஜெட் நிறுவனத்துப் பவர் கமாண்டரும், பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் நிறுவனத்துப் பவர்ட்ரானிக்கும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. சிலவற்றில் தீப்பொறி எழும் கணத்தையும் மாற்றலாம். வேண்டாதபோது கழற்றிவிட்டால் வண்டி பழைய நிலைக்கே திரும்பும் என்பது இதன் பெருஞ்சிறப்பு. இணைப்புகள் கூடுவதால் மழையிலும் அதிர்விலும் அவை தளரக்கூடும் என்பது குறை.

மூன்றாம் வகை, கணிப்பொறிக்குள்ளிருக்கும் அட்டவணையையே திருத்தி எழுதுவது. வெளியே பெட்டியும் இல்லை, கூடுதல் கம்பியும் இல்லை. ஆனால் மூல அட்டவணையைப் பத்திரமாகச் சேமித்து வைக்காவிடில் பழைய நிலைக்குத் திரும்புதல் கடினம். நான்காம் வகை, கணிப்பொறியையே அகற்றிவிட்டு வேறொன்றை வைப்பது. இது பந்தயத் திடலுக்கு உரியது. ஊர் சுற்றுவோருக்கு வேண்டுவதில்லை.

இவற்றுள் ஒன்றைத் தேர்பவர் விற்பவரிடம் சில கேள்விகளைத் துணிந்து கேட்கவேண்டும். இந்த அட்டவணை என் வண்டியின் இதே மாதிரிக்கும், அது தயாரான இதே ஆண்டிற்கும், நான் பொருத்தியுள்ள இதே சைலென்சருக்கும் உருவாக்கப்பட்டதா? டைனோ என்னும் உருளைமேல் வண்டியை ஓட்டி, கலவையின் விகிதத்தை அளக்கும் அகல அளவுச் சென்சாரைப் பொருத்தி, முன்னும் பின்னும் எடுத்த அளவுத்தாளைக் காட்டுவீர்களா? நடுவழியில் கருவி பழுதானால் நானே கழற்றிவிட்டு வண்டியை ஓட்ட இயலுமா? வண்டி நிறுவனத்தாரின் உத்தரவாதம் என்னாகும்? இவற்றிற்குத் தெளிவான விடை தராதவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அவரிடம் வாங்காதிருப்பதே அறிவுடைமை.

நெடும்பயணம் செய்வோர் கருதவேண்டியவை வேறு சிலவும் உள. உச்ச வேகத்தில் கிட்டும் ஆற்றலைவிட, நடு வேகத்தில் சீரான இழுவையும், குறைந்த வெப்பமும், ஒரு டாங்கிப் பெட்ரோலில் செல்லும் தொலைவுமே அவர்களுக்கு முக்கியம். ஊர் தோறும் நல்ல பெட்ரோல் கிடைக்கும் என்ற உறுதியில்லை. ஆதலால் தீப்பொறியை மிகவும் முன்தள்ளும் அட்டவணை அவர்களுக்கு ஆகாது. மேலும், 2025-இல் நம் நாட்டில் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை எட்டப்பட்டது. ஒரு கிராம் எத்தனால் எரிய ஒன்பது கிராம் காற்றே போதும். ஆகவே இக்கலப்பு எரிபொருளுக்குரிய விகிதம் 14.7-இலிருந்து ஏறக்குறையப் பதின்மூன்றரையாகக் குறைகிறது. பழைய பெட்ரோலுக்கென எழுதிய அட்டவணை இப்போது முழு வேகத்தில் மெலிந்த கலவையைத் தரக்கூடும். அட்டவணை எந்த எரிபொருளை வைத்து எழுதப்பட்டது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

மலையைப் பற்றியும் ஒரு சொல். உதகமண்டலம் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கே. 5,359 மீட்டர் உயரமுள்ள லடாக்கின் கர்துங் லா கணவாயில் அது பாதியளவாகிவிடும். அழுத்தம் குறைவதைக் கணிப்பொறி தானே உணர்ந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். இல்லாத காற்றை எந்த டியூனராலும் உண்டாக்க முடியாது.

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது என்கிறது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைவாசமோ, இரண்டுமோ விதிக்க 2019-இல் திருத்தம் வந்தது. புகையும் ஒலியும் வரம்பு மீறினால் அதற்கெனத் தனித் தண்டனையும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளின்படி அமைந்த வண்டிகளில், நச்சு வாயுக்களை மாற்றும் ‘காட்டலிடிக் கன்வெர்ட்டர்’ இருக்கிறது. கலவை சரியான விகிதத்தை ஒட்டியிருந்தால்தான் அது தன் கடமையைச் செய்யும். எப்போதும் செழித்த கலவையில் ஓடும் வண்டி கார்பன் மோனாக்ஸைடை மிகுதியாகக் கக்கும். சாலைச் சந்திப்பில் அவ்வண்டியின் பின்னால் சைக்கிளில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளே அதனை முகர நேரும்.

இவ்வளவும் கேட்டபின் என் மாணவர், “அப்படின்னா எனக்கு எதுங்க ஐயா சரி?” என்றார். “நோய் இன்னதென்று தெரியாமல் மருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோமே! வண்டியில் எதையாவது மாற்றினாயா?” என்று கேட்டேன். எதையும் மாற்றவில்லை என்றார். இருவரும் அருகிலுள்ள ஒரு மெக்கானிக்கிடம் சென்றோம். அவர் முதலில் காற்று வடிகட்டியைக் கழற்றிக் காட்டினார். அதன் மடிப்புகள் தோறும் நரைத்த பஞ்சுத்தூசி அப்பிக் கிடந்தது. கம்பெனியில் தூசியை வெளியேற்றும் விசிறிக்கு அடியில் அவர் நாள்தோறும் வண்டியை நிறுத்தி வந்திருக்கிறார்! இஞ்சின் பசியால் வாடவில்லை, மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அதற்கு மேலும் பெட்ரோலை ஊட்டியிருந்தால் என்ன பயன் விளைந்திருக்கும்?

புதிய வடிகட்டி மாட்டப்பட்டது. அடுத்த வாரமே அவர் கோத்தகிரி வழியாக உதகைக்குச் சென்று திரும்பி, “பழையபடி ஏறுதுங்க” என்று தொலைபேசியில் மகிழ்ச்சியுடன் கூறினார். டியூனருக்கென வைத்திருந்த தொகையின் ஒரு பகுதியில் நல்ல டயர்கள் வாங்கினார். நாளை அவர் சட்டம் இடந்தரும் வேறு சைலென்சரைப் பொருத்த நேர்ந்தால், அளவுத்தாளுடன் வரும் கழற்றத்தக்க பிக்கிபேக் கருவியையே வாங்கும்படி சொல்லியிருக்கிறேன்.

மாணவர்களே, உங்களிற் பலர் நாளை இத்தகைய வண்டிகளை ஓட்டுவீர்கள். சிலர் அவற்றை வடிவமைக்கவும் செய்வீர்கள். எந்திரம் முனகும்போது கடைக்கு ஓடாமல், முதலில் வடிகட்டியைத் திறந்து பாருங்கள், பிறகு அளவெடுங்கள், அளவு சொன்னால் மட்டுமே கருவியை வாங்குங்கள்.