மேனாட்டுத் தூரிகையும் நம் மலைமுகமும்

குன்றுக்கும் ஓவியத்துக்கும் உள்ள உறவு தமிழர்க்குப் புதிதன்று. திருப்பரங்குன்றத்து மண்டபச் சுவரிலே தீட்டிய ஓவியங்களைக் காண வந்தோர், ‘இவர் யார், அவர் யார்?’ என வினவியதையும், அறிந்தோர் விடை பகர்ந்ததையும் பரிபாடல் சொல்கின்றது. ஓவியத்தின் முன் நிற்பவன் முதலில் தேடுவது முகத்தையே என்பது அதனால் விளங்கும்.

மஹய்யாவையில் என்னிடம் தமிழ் பயிலும் சிறுமி ஒருத்தி மலையொன்று வரைந்து வந்தாள். பனி மூடிய சிகரம், ஊசியிலை மரங்கள், புகைபோக்கி வைத்த செந்நிற வீடு. நாட்காட்டிப் படத்தைப் பார்த்து எழுதியது. “தெற்கே ஹந்தானை மலை நிற்கின்றதே, அதை வரையலாகாதா?” என்றேன். “அது அம்மாயி கொழுந்தெடுக்கப் போற மலைங்க ஐயா. அதை யாருங்க வரைவாங்க?” என்றாள். அவ்வினா என்னை விட்டு அகலவில்லை.

மேனாட்டுச் சாயல் படிந்ததே குற்றம் என்று நான் கருதேன். கண்டிக் கலை என்றும் கதவடைத்து வாழ்ந்ததன்று. மதுரை நாயக்கர் உறவில் வந்து 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்திலேதான் கண்டி விகாரை ஓவியம் புத்துயிர் பெற்றது. மகாவலிக்கு அப்பால் தெகல்தொறுவைக் குகை விகாரையில், செந்நிறப் பின்னணியில் சாதகக் கதைகள் வரிவரியாகச் செல்வதை இன்றும் காணலாம்.

அம்மரபு மேனாட்டு முறையைச் சந்தித்தபோது விளைந்தது யாது? இருவர் போதும், சான்று காட்ட.

ஒருவர் டேவிட் பெயின்ரர். இமயச் சாரலில் அல்மோராவில் 1900இல் பிறந்தவர். தந்தை ஆங்கிலேயர், தாய் சிங்களவர். கண்டித் திரித்துவக் கல்லூரியில் கற்று, இலண்டன் அரச கலைக்கழகத்தில் பயின்றார். அக்கல்லூரித் தேவாலயம் கண்டிக் கட்டடக் கலைச் சாயலில் கற்றூண்களோடு எழுந்தது. அதன் சுவர்களில் அவர் 1928இல் ஓவியந் தீட்டத் தொடங்கினார். 1933இல் தீட்டிய சிலுவைக் காட்சியில், தாடியற்ற மாநிற இளைஞராக இயேசு தோன்றுகின்றார். தூரிகைப் பயிற்சி இலண்டனது. முகமோ நம் மண்ணினது.

மற்றவர் ஜோர்ஜ் கீற். 1901இல் கண்டியிற் பிறந்து 1993இல் மறைந்தவர். அவரும் திரித்துவக் கல்லூரி மாணவரே. ஆயினும் ஓவியத்தைத் தாமே கற்றுக்கொண்டவர். ஒரே முகத்தைப் பக்கவாட்டிலும் நேரிலும் ஒருங்கே காட்டும் பிக்காசோவின் முறையை அவர் அறிந்திருந்தார். அதனைக் கண்டி விகாரைச் சுவர்களின் வளைந்தோடும் கோட்டோடு இணைத்தார். கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த அவர் தூரிகையில் கண்ணனும் இராதையும், கண்டிக் கிராமத்துப் பெண்டிரும் உருப்பெற்றனர். 1943இல் கொழும்பில் எழுந்த ‘43 குழு’வின் முன்னணி ஓவியருள் அவரும் ஒருவர்.

இவ்விருவரும் கடன் வாங்கினர், ஆனால் கடனாளிகளாகவில்லை. வாங்கிய முறையைத் தாம் கண்ட முகங்களுக்குப் பணிசெய்ய வைத்தனர். நாட்காட்டிப் படமோ முறையோடு மலையையும் மாற்றிவிடுகின்றது. தன் பாட்டி ஏறி இறங்கும் மலை ஓவியத்துக்கு உரியதன்று என ஒரு குழந்தை எண்ணிவிடுமாயின், அது கலையில் நேர்ந்த குறை மட்டுமன்று. தன் குலத்தின் உழைப்பையே தாழ்வாக எண்ணும் பழக்கத்தின் தொடக்கமுமாம். தோட்டத்து வழக்கில் ‘மலைக்குப் போதல்’ என்றாலே வேலைக்குப் போதல் என்று பொருள். குறிஞ்சி பாடிய மொழியில் மலை என்னும் சொல் இப்பொருளையும் ஏற்றதை நாம் மறக்கலாகாது.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணவரை மேற்சொன்ன சுவர்களின் முன் ஒருமுறை நிறுத்துங்கள். ‘இவர் யார்?’ என அவர்களே வினவட்டும்.

அச்சிறுமிக்கு இவ்வோவியர் கதைகளைச் சொன்னேன். அடுத்த கிழமை வேறொரு படம் கொணர்ந்தாள். நெற்றியிற் பட்டியிட்டுக் கூடை சுமந்த மூதாட்டி. பின்னே பச்சை நிரைகள். அவற்றின் மேல் ஹந்தானை. சிகரத்தில் மட்டும் சிறிது பனி எஞ்சியிருந்தது. அதை அழிக்குமாறு நான் சொல்லவில்லை.