அங்கி தயார்... நாற்காலி தயாரா?

படிப்பு முடிந்து ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ ஆகியிருக்கும். முதுகலை வகுப்பின் வாட்ஸ்ஆப் குழு, பிறந்தநாள் வாழ்த்துகளோடும் வேலைவாய்ப்புச் செய்திகளோடும் ஒப்புக்கு உயிர் வைத்திருக்கும். ஒருநாள் அதில் கல்லூரியிலிருந்து அறிவிப்பு வந்து விழும். பட்டமளிப்பு விழா இன்ன தேதி, பெயர் கொடுக்கக் கடைசி நாள் இது, அங்கிக் கட்டணம் இவ்வளவு, ஒத்திகைக்கு வராதவர்களுக்கு மேடையில் இடமில்லை. அரை மணி நேரத்தில் குழு விழித்துக்கொள்ளும். திருப்பூரில் வேலை பார்ப்பவர் லீவு கிடைக்குமா என்று கேட்பார். அறந்தாங்கிக்கு வாழ்க்கைப்பட்டவர் கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்று யோசிப்பார். சிங்கப்பூரில் இருப்பவர், வராமலே சான்றிதழ் வாங்க வழி உண்டா என்று விசாரிப்பார்.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கல்லூரிகளில் வழக்கமாக நடப்பது இதுதான். இங்குள்ள கலை, அறிவியல் கல்லூரிகள் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பல்கலைக்கழகம் தன் பட்டமளிப்பை நடத்தி முடித்த பிறகுதான் சான்றிதழ்கள் கல்லூரிக்கு வரும். அதன் பிறகு கல்லூரி தன் விழாவை வைக்கும். அதனால் இந்த விழாவுக்கு வருகிறவர்களை மாணவர்கள் என்று சொல்வதே சரியில்லை. வேலையும் குடும்பமுமாகி, ஒரு நாளைக்கு மட்டும் மாணவராகத் திரும்பி வருகிறவர்கள் அவர்கள்.

மேடையில் அவர்களுக்குக் கிடைப்பது சில நொடிகள். அந்தச் சில நொடிகளுக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடுகள் என்னென்ன? அவற்றில் எதை நன்றாகச் செய்கிறோம், எதைக் கோட்டை விடுகிறோம்?

பட்டதாரி வந்த ஊர்

பட்டப்படிப்போடு புதுக்கோட்டைக்கு இருக்கும் உறவு பழையது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத் தமிழர்கள். ஒருவர் கறோல் விசுவநாத பிள்ளை, மற்றவர் சி.வை.தாமோதரம் பிள்ளை. தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த அதே தாமோதரம் பிள்ளை, 1880களின் பிற்பகுதியில் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்தார். சென்னை மாகாணத்தின் முதல் பட்டதாரி ஒருவர் இந்த ஊர்த் தெருக்களில் நடமாடியிருக்கிறார்.

அவர் வந்தபோது ஊரில் கல்லூரி இருந்தது. 1857இல் பள்ளியாக உருவெடுத்த நிறுவனத்தை, திவான் அ.சேஷய்ய சாஸ்திரியின் காலத்தில், 1880இல் கல்லூரியாக உயர்த்தியிருந்தார்கள். அதுதான் இன்றைய மாட்சிமை தங்கிய மன்னர் கல்லூரி. திருமயத்துக்காரரான தீரர் சத்தியமூர்த்தி படித்த கல்லூரி.

அந்தக் கல்லூரி வரலாற்றில் பெரிய சர்ச்சை, யாருக்குப் பட்டம் கொடுப்பது என்பதைப் பற்றி எழவில்லை. யாரை வாசலுக்குள் விடுவது என்பதைப் பற்றித்தான் எழுந்தது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, மெட்ரிக்குலேஷன் தேறிவிட்டுக் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். அவருடைய தந்தை நாராயணசாமி ஐயர் அதே கல்லூரியின் முதல்வராக இருந்தவர். ஆனாலும் ஒரு பெண், அதுவும் இசை வேளாளர் குலத்துத் தாய்க்குப் பிறந்த பெண், ஆண்களோடு உட்காருவதா என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்த பிறகுதான் இடம் கிடைத்தது. ஆண்கள் பார்வையில் படாதபடி திரை மறைவில் உட்கார்ந்து பாடம் கேட்டார். அங்கிருந்து சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1912இல் மருத்துவப் பட்டம் பெற்று வெளியே வந்தார். 1927இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராக அமர்ந்தார்.

அதே ஊரில் 1969இல் பெண்களுக்கென்று அரசுக் கலைக் கல்லூரி வந்தது. 1991இல் அறிவொளி இயக்கம் வந்தபோது, கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் கூட எழுத்துக் கூட்டவும் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டதை நாடே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்களின் பேத்திகளுக்கு இப்போது முதுகலை படிக்கும் வயது.

பெயரில் இருக்கிறது பெரிய வேலை

விழாவுக்குத் தயாராவது என்றதும் புடவையும் அங்கியும்தான் நினைவுக்கு வரும். முதலில் பார்க்க வேண்டியது பெயரை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டல்தான் கடைசிவரை தொடரும். அதில் ஓர் ஆங்கில எழுத்து கூடுதலாக இருந்தால் ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் அதே எழுத்து இருக்க வேண்டும். நம் ஊரில் இனிஷியல் வேறு தனிக்கதை. சான்றிதழில் ஓரெழுத்தாக நிற்கும் அப்பா, பாஸ்போர்ட்டில் முழுப் பெயராக விரிவார். தமிழில் பெயர் எழுதும்போது முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு ஆணையிட்டது. 'எம்' என்று பழகியவர் 'மு' என்றோ 'மா' என்றோ மாறும்போது, எந்தச் சான்றிதழில் எது இருக்கிறது என்று ஒருமுறை வரிசையாக அடுக்கிப் பார்ப்பது நல்லது.

பட்டச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதே பிழையைச் சொல்லித் திருத்துவது சுலபம். அச்சாகி, துணைவேந்தர் கையெழுத்தோடு வந்த பிறகு திருத்த வேண்டுமென்றால் விண்ணப்பம், கட்டணம், அலைச்சல் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்து வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போவது அங்கே புதிதல்ல. வெளிநாட்டு வேலைக்குப் பட்டச் சான்றிதழைக் காட்டுவதற்கு முன், மாநில அரசிடமும் வெளியுறவு அமைச்சகத்திடமும் அதற்குச் சான்றொப்பம் வாங்க வேண்டியிருக்கும். சில நாடுகளுக்குத் தூதரக முத்திரையும் வேண்டும். இந்த முத்திரைகள் சான்றிதழின் மேலேயே விழுபவை. அதனால், வாங்கிய கையோடு பாசத்தில் லேமினேஷன் போட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டிப்போன சான்றிதழில் முத்திரை குத்த முடியாது. பிரித்தால் தாளும் கிழியும். ஒரு நல்ல ஃபைல் போதும். ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். டிஜிலாக்கரில் உங்கள் பட்டம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் வரும் சான்றிதழை ஏற்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு கல்வி நிறுவனங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறது.

பட்டம் வரும்வரை கையில் இருப்பது புரொவிஷனல் சான்றிதழ். இந்தக் காத்திருப்பு எப்போதும் சில மாதங்களோடு முடிவதில்லை. விழாவுக்கு ஆளுநர் தேதி தராததால் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பட்டத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்று 2023 ஜூனில் அப்போதைய உயர்கல்வி அமைச்சர் க.பொன்முடி குற்றம்சாட்டினார். அரசியலில் யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வேந்தர், துணைவேந்தர், விழாத் தேதி என்ற மூன்றில் ஒன்று தடைப்பட்டாலும் கீரமங்கலத்திலோ விராலிமலையிலோ ஒருவரின் பட்டம் தாமதமாகும் என்பதை அந்தச் சர்ச்சை ஊருக்கே புரியவைத்தது.

வெயிலும் கறுப்பு அங்கியும்

அடுத்தது உடை. அங்கியைக் கல்லூரியே வாடகைக்கு ஏற்பாடு செய்யும். முன்பணம் கட்டி வாங்கி, விழா முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். தோளில் தொங்கும் பட்டைத் துணியின் நிறம் படிப்புக்குப் படிப்பு மாறும். புடவையின் மேல் அது நழுவிக்கொண்டே இருக்கும் என்பதால் பெண்கள் ஊக்கு கொண்டுபோவது நல்லது. தற்காலிக மேடைப் படிகளில் குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம். ஒத்திகையில் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான்: எந்தப் பக்கம் ஏறுவது, எங்கே நிற்பது, இரண்டு கையாலும் வாங்கி எந்தக் கேமராவைப் பார்ப்பது, எந்தப் பக்கம் இறங்குவது. வரிசை மாறினால் ஒருவர் பட்டம் இன்னொருவர் கைக்குப் போய்விடும். ஒத்திகையில் கண்டிப்பு காட்டுவது அதற்குத்தான்.

அந்தக் கறுப்பு அங்கி நம் வெயிலுக்குத் தைத்ததல்ல. ஐரோப்பாவின் இடைக்காலப் பல்கலைக்கழகங்களில், குளிரடிக்கும் கல் கட்டடங்களுக்குள், மதகுருமார்கள் உடுத்திய ஆடையின் வழிவந்தது. 2010இல் போபாலில் நடந்த ஒரு பட்டமளிப்பில், அன்றைய மத்திய அமைச்சர் ஜெயராம் ரமேஷ் இதைக் காலனிய மிச்சம் என்று சொல்லி மேடையிலேயே கழற்றிவிட்டார். விழாக்களில் கைத்தறி ஆடையைப் பயன்படுத்தும்படி 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு கேட்டுக்கொண்டது. மத்திய அரசின் மருத்துவக் கல்வி நிறுவனங்கள் கறுப்பு அங்கியைக் கைவிட்டு அந்தந்த மாநில மரபை ஒட்டி உடையை அமைக்க வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் மத்தியச் சுகாதார அமைச்சகம் சொன்னது.

வாதம் நியாயமானதே. ஆனால் முதன்முதலாகப் பட்டம் வாங்கும் குடும்பத்திடம் கேட்டால் வேறு பதில் வரும். பழைய பட்டதாரி வீடுகளின் சுவரில் அங்கியும் தொப்பியுமாக ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அந்தப் படம் தங்கள் வீட்டுச் சுவரிலும் ஏற வேண்டும் என்பது அவர்கள் ஆசை. மற்றவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டு அலுத்துப்போன உடையை, இவர்கள் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றுவதில் தவறென்ன?

முனைவர்களின் நாள்

முனைவர் பட்டம் பெறுகிறவர்களுக்கும் பல்கலைக்கழக அளவில் பதக்கம் பெறுகிறவர்களுக்கும் மேடை வேறு. புதுக்கோட்டையிலிருந்து கீரனூர் வழியாகத் திருச்சி போகும் சாலையில்தான் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பல்கலைப்பேரூர் வளாகம் இருக்கிறது. வேந்தரான ஆளுநர் கையால் அங்கே பட்டம் வாங்கலாம். 2024 ஜனவரி 2 அன்று நடந்த 38ஆவது பட்டமளிப்புக்குப் பிரதமர் மோடி வந்தார். அப்படிப்பட்ட ஆண்டுகளில் பாதுகாப்புச் சோதனையும் சேர்ந்துகொள்ளும். விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டியிருக்கும்.

முனைவர் பட்ட ஆய்வாளரின் தயாரிப்பு பல வருடங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நெறியாளர், ஆய்வுக்குழு, ஆய்வுச்சுருக்கம், ஆய்வேடு, புறத் தேர்வாளர்களின் அறிக்கை, வாய்மொழித் தேர்வு எல்லாம் தாண்ட வேண்டும். ஆய்வேட்டை 'சோத்கங்கா' இணையக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும். 2022 நவம்பரில் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் எம்.ஃபில். படிப்புக்கு முற்றுப்புள்ளி வைத்தன. பி.எச்டி. வரை போக முடியுமா என்று தயங்கிய கிராமத்துப் பெண்களுக்கு எம்.ஃபில். ஓர் இடைப்படியாக இருந்தது. இப்போது அந்தப் படி இல்லை. ஒரேயடியாகத் தாவித்தான் ஏற வேண்டும். அப்படித் தாவி ஏறியவருக்கு மேடையில் கிடைக்கும் கைத்தட்டலில் கஞ்சத்தனம் கூடாது.

யாருக்கு நாற்காலி?

இவ்வளவு ஏற்பாட்டிலும் அடிக்கடி விட்டுப்போகிற ஒன்று இருக்கிறது. அது பெற்றோரின் இடம். பல கல்லூரிகளில் அரங்கு பட்டதாரிகளுக்கே போதாது. முன்வரிசைகள் விருந்தினர்களுக்குப் போய்விடும். பெற்றோர் வெளியே பந்தலில், அல்லது மரத்தடியில். திரை வைத்துக் காட்டினால் புண்ணியம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் மாறி மாறி வந்த அம்மா, தன் பிள்ளையின் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டுத் திரும்புகிறார். அதுவும் தப்பும் தவறுமாக வாசிக்கப்பட்ட பெயர்.

வீட்டில் இதற்கு முன் யாரும் பட்டம் பெறவில்லை என்று அரசே சான்றிதழ் தருகிற மாநிலம் இது. 2010இல் தொடங்கிய முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகைக்காக அந்தச் சான்றிதழை வாங்காத கிராமம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது. பிள்ளையை உள்ளே கொண்டுவர இவ்வளவு செய்துவிட்டு, பெற்றவர்களை வெளியே உட்கார வைப்பது பொருந்தவில்லை. முத்துலட்சுமிக்குப் போட்ட திரையை எடுத்துவிட்டோம். இப்போது அது அரங்கின் வாசலில் நிற்கிறது.

மாற்ற வேண்டியவை செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. ஒரே நாளில் எல்லாத் துறைகளையும் திணிக்காமல் காலை, மாலை என்று பிரித்தால் இடம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமையில் வைத்தால் கூலி போகாது. விருந்தினர் பேச்சைப் பதினைந்து நிமிடத்தில் முடித்தால், பெயர்களை நிதானமாக வாசிக்க நேரம் இருக்கும். வாசிப்பவர் ஒத்திகையன்றே ஒவ்வொருவரிடமும் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். கைக்குழந்தையோடு வருகிறவருக்கு ஓர் அறை ஒதுக்கலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது அழைப்பிதழ். சிறப்பு விருந்தினர், முதல்வர், துறைத்தலைவர்கள் என்று பெயர்கள் நிறையும் அந்த அட்டையில் இந்த ஆண்டு ஒரே ஒரு வரியைச் சேர்த்து அச்சிடலாம்: பட்டதாரி ஒவ்வொருவரின் பெற்றோருக்கும் அரங்கினுள் இரண்டு இருக்கைகள். அச்சிட்ட பிறகு அந்த நாற்காலிகளைப் போட்டே ஆக வேண்டும்.