மடிக்கணினியின் மின்கலமும் மழைக்கால இரவும்

பெரகலையில் இடம்பெயர்ந்த குடும்பங்களின் பாவனைக்கென நாம் ஒரு மடிக்கணினியை வைத்திருக்கிறோம். பிள்ளைகளின் படிப்புக்கும் விண்ணப்பங்களுக்கும் அது உதவுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, குடும்பங்களின் பத்திரப் பிரதிகள் அதில்தான் இருக்கின்றன. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை சரிந்தபோது உயிர்களோடு அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் மண்ணுக்குள் போயின. 2016இல் மாகல்தெனியவில் புதிய வீடுகள் கையளிக்கப்படும் வரை அம்மக்கள் பட்ட பாட்டில், கடதாசி இல்லாமல் அலைந்த பாடும் ஒன்று.

அந்தக் கணினியின் மின்கலம் இரண்டு வருடங்கூடத் தாங்கவில்லை. கரண்ட் போனால் பத்து நிமிடத்தில் திரை அணைந்துவிடும். குற்றம் எம்முடையதே. இரவு பகலாக வயரைச் செருகியே வைத்தோம். தகரக் கூரையின் கீழ் யன்னலோரத்தில், மத்தியான வெயில் படும் இடத்தில் வைத்தோம். "வாரம் ஒருமுறை முழுவதும் இறக்கி ஏற்றவேண்டும் சுவாமி" என்று ஒரு தம்பி சொன்னதையும் கேட்டுச் செய்தோம்.

அவர் சொன்னது பொய்யல்ல, பழைய நிக்கல் கட்மியம் மின்கலத்துக்கு உரிய வழக்கம் அது. எமக்குப் பழக்கமானதோ கார் பெட்டரி. தோட்டங்களுக்கு மின்சாரம் வராத காலத்தில், லயத்தில் ஒரு தொலைக்காட்சி பார்ப்பதற்காக அந்தப் பாரத்தைத் தோளில் சுமந்து டவுனுக்குப் போய்ச் சார்ஜ் ஏற்றி வந்தவர்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். ஈயமும் அமிலமும் உள்ள அந்தப் பெட்டரியை எப்போதும் நிறைத்தே வைக்கவேண்டும். இறங்கிய நிலையில் கிடந்தால் ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து கெட்டுவிடும். அந்தப் புத்தியை நாம் மடிக்கணினிக்கும் பிரயோகித்தோம்.

மடிக்கணினியிலும் கைத்தொலைபேசியிலும் இருப்பது லித்தியம் அயன் மின்கலம். 1991இல் ஜப்பானின் சோனி கம்பனி அதை முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய மூன்று அறிஞர்களுக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் குணம் வேறு. முழுதாக நிறைந்து கிடப்பதும் அதற்கு ஆகாது, முழுதாக வற்றுவதும் ஆகாது. வெப்பம் எல்லாவற்றிலும் பெரிய பகை. 40 பாகை வெப்பத்தில் முழுச் சார்ஜோடு ஒரு வருடம் கிடந்தால் அதன் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு போய்விடும். 25 பாகையில் 40 வீதச் சார்ஜோடு கிடந்தால் ஐந்து வீதங்கூடக் குறையாது. எமது பெரகலைக் குளிர் இதற்கு நல்லது. வெல்லவாயப் பக்கம் இறங்கியிருப்பவர்கள்தான் அதிகம் கவனிக்கவேண்டும்.

ஆகையால் நாளாந்தப் பாவனையில் 20 வீதத்துக்குக் கீழே விடாமல், 80 அளவில் வயரைக் கழற்றிவிடுவது நன்று. சில கம்பனிகளின் கணினிகளில் 80 வீதத்தோடு தானாகவே நிற்கும்படி செய்யவும் வழியுண்டு. கணினி தெரிந்த பிள்ளைகளிடம் கேளுங்கள். சார்ஜ் ஏறும்போது மெத்தையிலோ கம்பளியிலோ வைக்கக்கூடாது. காற்றுப் போகும் துளைகள் அடைபட்டுச் சூடேறும். அடுப்பங்கரையும் ஆகாது. விடுமுறையில் பல வாரங்கள் பாவிக்காமல் வைப்பதானால் பாதிச் சார்ஜோடு அணைத்து வையுங்கள். வெறுமையாக வைத்தால் பிறகு சார்ஜே ஏறாமல் போகலாம். இடி முழக்கம் கேட்டவுடன் வயரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். ஊவாவில் ஐப்பசி மாத மின்னலைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

ஆனால் இந்த 80 வீதக் கணக்கை மீறவேண்டிய நாட்களும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அறுந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் விடுக்கிறது. சிவப்பு என்றால் உடனே வெளியேறவேண்டும். அந்தச் செய்தி வரும் நேரத்தில் போன் செத்துக் கிடந்தால் என்ன பயன்? மஞ்சள் எச்சரிக்கை வந்தவுடனேயே, கரண்ட் இருக்கும்போதே, போனையும் மடிக்கணினியையும் 100 வீதத்துக்கு நிரப்புங்கள். சில நாட்கள் அப்படி வைப்பதால் பெரிய நட்டம் வராது. நல்ல நிலையிலுள்ள மடிக்கணினியின் பக்கத்துத் துளையில் வயரைச் செருகினால் இரண்டு போன்களுக்காவது சார்ஜ் ஏற்றலாம். வருடம் முழுவதும் மின்கலத்தைப் பேணுவது அந்த இரண்டு போன்களுக்காகத்தான்.

இன்னொன்று. கணினியின் அடிப்பக்கம் புடைத்து, மேசையில் சமமாக நிற்காமல் ஆடினால் மின்கலம் வீங்கிவிட்டது என்று அறியுங்கள். அதற்குப் பிறகு சார்ஜ் ஏற்றவேண்டாம். குத்தவோ அமுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். குப்பையோடு கொளுத்தவும் மரக்கறிப் பாத்தியில் புதைக்கவும் வேண்டாம். எமது பழைய மின்கலத்தைத் திருத்துபவர் கழற்றித் தந்தார். தனியாக ஒரு தகர டின்னில், வீட்டுக்கு வெளியே வைத்திருக்கிறோம். உங்களிடமும் அப்படி இருந்தால் கொண்டுவாருங்கள். மின்னணுக் கழிவு சேர்க்கும் இடத்துக்கு ஒன்றாக அனுப்புவோம்.