கொள்ளிடம் பள்ளம், காவிரி மேடு

முசிறி, குளித்தலைப் பக்கம் அகண்ட காவிரியாக வரும் ஆறு, திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், நகரை ஒட்டித் தெற்கே காவிரி. நடுவே உள்ள தீவில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும். திருவானைக்கா ஜம்புகேஸ்வரர் கருவறையில் லிங்கத்தடியில் நீர் ஊறுகிறதே, அதற்கு இந்த அமைப்பே காரணம் சொல்லிவிடும்: இரு பக்கமும் ஆறு, நடுவே வண்டலும் மணலும். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும்.

திருச்சி மலைக்கோட்டை உச்சியிலிருந்து பார்த்தால் இரண்டு ஆறும் ஒரே மட்டமாகத்தான் தெரியும். ஆனால் கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. காவிரி நீரை நம்பியிருக்கும் தஞ்சைக்குச் சோறு கிடைப்பதும் கிடைக்காததும் இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. கொள்ளிடம் கடலுக்குக் குறுக்குவழியில் ஓடுகிறது. வழி குறுகினால் சரிவு கூடும்; வேகமும் கூடும். வேகமான நீர் அடிமணலை அரித்து ஆற்றை இன்னும் பள்ளமாக்கும். காவிரியோ கிளை கிளையாகப் பிரிந்து மெதுவாகப் போகிறது. வண்டல் படிந்து மேடாகிறது. சும்மா விட்டால் ஆண்டுக்கு ஆண்டு கொள்ளிடமே அதிக நீரை இழுத்துக்கொள்ளும்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுதான் நடந்தது. தஞ்சைக்கு நீர் குறைந்தது. 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். வைத்தியம் கொஞ்சம் அதிகமாகவே பலித்தது: காவிரிக்கு நீர் மிகுந்து அதன் படுகை அரிபடத் தொடங்க, அந்தப் பக்கமும் தடுப்பு கட்ட வேண்டி வந்தது.

தீவின் கிழக்கு முனையில் இரண்டு ஆறும் மறுபடி நெருங்குகின்றன. அங்கே காவிரி நீர் கொள்ளிடத்துக்குள் சரிந்துவிடாமல் காப்பதற்குத்தான் கல்லணை. கரிகாலன் பெயரால் அறியப்படும் அந்தப் பழைய அணையை ஆற்று மணலிலேயே எழுப்பியிருக்கிறார்கள். கல்லைப் போட்டுப் புதையவிட்டு, அதன்மேல் மறுபடி கல், இடையில் களிமண்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே மாதம் திருவானைக்கா அருகே பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. வயதாகிவிட்டது என்றார்கள். ஆகியிருக்கலாம். ஆனால் ஆற்றில் மணல் அள்ளியதை விட்டுவிட்டு வயதை மட்டும் சொல்வது வசதியான கணக்கு. ஆறே பள்ளம் பறிக்கும் இடத்தில் லாரியும் சேர்ந்து பறித்தால் தூணுக்கடியில் என்ன மிஞ்சும்?

உடைந்த மதகுகளுக்குப் பதிலாகப் புதிய கதவணை வந்துவிட்டது. ஆற்று மணலுக்கு அப்படி மாற்று கட்ட முடியாது. திருச்சியின் குடிநீர்க் கிணறுகள் பல ஆற்றுப்படுகையில்தான் இருக்கின்றன. கோடையில் அவற்றுக்கு நீரைத் தேக்கி வைத்துத் தருவது அந்த மணல்தான்.