மந்திரம் இருந்துவிட்டுப் போகட்டும், மோசடிக்குச் சட்டம் வேண்டும்

இன்று உலகம் முழுக்க 'விக்கா' என்று அறியப்படும் நவீன சூனியக்கார மதத்துக்கு உருவம் கொடுத்த ஜெரால்ட் கார்ட்னர், இளமையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1884இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1900இல் இலங்கைக்கு வந்து மஸ்கெலியா உள்ளிட்ட மலைத் தோட்டங்களில் இருந்தார். 1910இல் கொழும்பில் ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்ந்தார். பிறகு மலேயாவில் ரப்பர் தோட்டம், சுங்கத் துறை என்று உழைத்து 1936இல் ஓய்வு பெற்றார். தென் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த தமிழர்கள் அந்த மலையிலும் கொழுந்து பறித்தார்கள்; இந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலும் பறித்தார்கள். சூரியநெல்லியில் இருந்துகொண்டு விக்காவைப் பற்றிப் பேசுவதில் அந்நியம் ஒன்றும் இல்லை. மந்திரத்தை நாடிப் போகிறவர்களை அரசும் ஊரும் எப்படி நடத்த வேண்டும் என்ற கேள்விக்கு, கார்ட்னரின் கதையில் உருப்படியான ஒரு பதில் இருக்கிறது.

பிரிட்டனில் 1735ஆம் ஆண்டுச் சட்டம், மந்திர சக்தி இருப்பதாகப் பாசாங்கு செய்வதையே குற்றமாக்கி வைத்திருந்தது. 1951இல் அதை நீக்கிவிட்டு, ஆவிகளோடு பேசுவதாக ஏமாற்றிப் பணம் பறிப்பதை மட்டும் தண்டிக்கும் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். மூன்றே ஆண்டுகளில், 1954இல், கார்ட்னர் தன் வழிபாட்டைப் பற்றி வெளிப்படையாகப் புத்தகம் போட்டார். மெழுகுவத்தி ஏற்றி, கறுப்புப் பிடி போட்ட கத்தியால் தரையில் வட்டம் கீறி, நாலு திசைக் காவல்களை அழைத்து, தேவியையும் கொம்புள்ள தேவனையும் கும்பிடுகிற சடங்கு அது. கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழைய மதம் என்று அவர் சொல்லிக்கொண்டார். ஆய்வாளர் மார்கரெட் மர்ரே 1921இல் எழுதியதை நம்பிச் சொன்ன பேச்சு அது. வரலாற்று ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. ரொனால்ட் ஹட்டன் 1999இல் எழுதிய நூலில், விக்கா இருபதாம் நூற்றாண்டின் படைப்பு என்பதைச் சான்றுகளோடு காட்டினார். அப்படியென்றால் இது பொய்தானே என்பார்கள். வயது குறைவு என்பதற்காக ஒரு வழிபாடு மோசடி ஆகிவிடாது. யாருக்கும் தீங்கு செய்யாமல் விரும்பியதைச் செய் என்பதுதான் விக்காவினரின் அடிப்படை நெறி. அதைக் கடைப்பிடிக்கிறவர் தன் வீட்டில் வட்டம் போட்டால் அடுத்தவருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் எங்கே தொடங்குகிறது என்பதை இடுக்கியே காட்டியிருக்கிறது. 2018இல் தொடுபுழைக்குப் பக்கத்தில் கம்பகக்கானத்தில், மந்திரவாதம் செய்துவந்தவரும் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கொல்லப்பட்டு வீட்டுக்குப் பின்னால் புதைக்கப்பட்டார்கள். கொன்றால் அவருடைய சக்தி தன்னிடம் வந்துவிடும் என்று அவருடைய உதவியாளரே நம்பியதாகக் காவல்துறை சொன்னது. 2022இல் பத்தனம்திட்டை மாவட்டத்து இலந்தூரில், லாட்டரிச் சீட்டு விற்றுப் பிழைத்த இரண்டு ஏழைப் பெண்களை, செல்வம் சேரும் என்று சொல்லி நரபலி கொடுத்ததாக வழக்கு. அந்தப் பெண்களில் ஒருவர் தர்மபுரிப் பக்கமிருந்து பிழைக்கப் போனவர். தனியாக உட்கார்ந்து ஜெபிக்கிறவர் இந்த இரண்டிலும் இல்லை. சக்தி என்பது கைமாற்றக்கூடிய சரக்காக, விலையுள்ள பொருளாக ஆகியிருந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கயிறு மந்திரித்துக் கட்டுவதும், உடுக்கை அடித்துக் கோடாங்கி குறி சொல்வதும் ஆறுதல். அதில் கைவைக்க யாருக்கும் வேலை இல்லை. இது செய்வினை, எடுக்க இத்தனை ஆயிரம், ஆஸ்பத்திரிக்குப் போனால் பலிக்காது என்று ஒருவர் சொல்லும்போதுதான் குற்றம் பிறக்கிறது.

தன்னைச் சூனியக்காரி என்று சொல்லிக்கொள்வதும் ஊர் அப்படிச் சொல்வதும் ஒன்றல்ல. கொல்கத்தாவின் இப்ஸிதா ராய் சக்ரவர்த்தி கனடாவில் இந்த வழியைக் கற்று, 1986இல் தான் ஒரு 'விட்ச்' என்று பகிரங்கமாக அறிவித்தார். 1998இல் ஹூக்ளி மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராகவும் நின்றார். அவருக்குப் படிப்பும் குடும்பமும் துணை. ஜார்க்கண்டின் சுட்னி மகதோவுக்கு எந்தத் துணையும் இல்லை. 1995இல் அவரை 'டைன்', அதாவது சூனியக்காரி, என்று முத்திரை குத்தி அடித்துத் துரத்தினார்கள். மற்ற பெண்களைக் காக்க அவர் நடத்திய போராட்டத்துக்காக 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2000க்குப் பிறகு இந்தியாவில் சூனியக் குற்றச்சாட்டால் கொல்லப்பட்டவர்கள் 2,500க்கும் மேல், பெரும்பாலோர் பெண்கள். வசதியுள்ளவர் விரும்பி எடுத்துக்கொள்ளும் பெயரே ஏழைப் பெண்ணின் உயிரை வாங்குகிறது என்றால், முதலில் காக்க வேண்டியது யாரை என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது.

மந்திர மோசடியைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்தால் முனியாண்டிக்குக் கிடா வெட்டுவதும், சாமியாடுவதும், தெய்யம் ஆடுவதும் குற்றமாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பயம் நியாயமானது, அவசரத்தில் எழுதப்படும் சட்டம் எளியவர் கோவிலில்தான் முதலில் கை வைக்கும். ஆனால் மூடநம்பிக்கை எதிர்ப்புப் போராளி நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்ட 2013இல் மகாராஷ்டிரம் கொண்டுவந்த சட்டம் நம்பிக்கையைத் தொடவில்லை. பன்னிரண்டு செயல்களைப் பட்டியலிட்டு, அவற்றை மட்டும் தண்டிக்கிறது. பாம்பு கடித்தவரை மருத்துவரிடம் போகவிடாமல் மந்திரிப்பது அதில் ஒன்று. மூணாறுக்கோ அடிமாலிக்கோ ஜீப் பிடித்துப் போக வேண்டிய மலைக்கு அந்த ஒரு பிரிவே பெரிய துணை. கொலைக்கும் மோசடிக்கும் ஏற்கெனவே சட்டம் இருக்கிறதே என்பது இன்னொரு வாதம். கொலைச் சட்டம் பிணம் விழுந்த பிறகு வருகிறது. பில்லி சூனியம் எடுப்பதாகப் பணம் வாங்கும்போதே, ஒரு பெண்ணை அடித்துப் பேயோட்டும்போதே தடுக்கத் தனிப் பிரிவு வேண்டும்.

நீதிபதி கே.டி. தாமஸ் தலைமையிலான சட்டச் சீர்திருத்த ஆணையம் 2019இல் கேரளத்துக்கு ஒரு வரைவைக் கொடுத்தது. இப்படியொரு சட்டத்தைக் கொண்டுவருவதில்லை என்று அமைச்சரவை முடிவெடுத்ததாக 2025 ஜூனில் அரசு உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. அந்த முடிவை மாற்ற வேண்டும். வழிபாட்டைத் தொடாமல், அடுத்தவர் உடம்பையும் பணத்தையும் தொடும் செயல்களை மட்டும் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு அந்த வரைவைச் சட்டசபைக்குக் கொண்டுவர வேண்டும். நிறைவேறினால் சின்னக்கானல் ஊராட்சி அலுவலகத்திலும் எஸ்டேட் ஆபீஸ்களிலும் தமிழில் அச்சடித்து ஒட்ட வேண்டும். சூரியநெல்லி லயங்களில் பேசுவது தமிழ்தான்.